சேம்பிள் என்றால் ஓட்டை

கம்ப்யூட்டரின் கிராபிக்ஸ் கார்டில் ட்ரில் மிஷின் வைத்து ஓட்டை போட்ட ஊர் உலகத்திலேயே ஆம்பூர் ஒன்றாகத்தான் இருக்கும். இதைச் சொன்னால் கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் யாரும் நம்புவதில்லை. "சான்ஸே இல்ல ஆன்ட்டி" என்கிறார்கள். சான்ஸ் இருந்தது, என் கண்ணால் பார்த்தேன். என் பிழைப்பே அந்த ஓட்டையில் போய்ச் சிக்கிக்கொண்டது.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். ஆம்பூருக்கு வெளியே பைபாஸை ஒட்டி இருந்த ஒரு ஷூ கம்பெனியில் எனக்கு வேலை. முதலில் லைனில்தான் இருந்தேன். லைன் என்றால் தையல் லைன். வரிசையாக மிஷின்கள், மிஷினுக்கு ஒரு பெண். ஷூவின் மேல்தோலில் ஆளுக்கு ஒரு தையல் போட்டு அடுத்தவளிடம் தள்ள வேண்டும். ஒருத்தி தாமதித்தால் அடுத்தவள் மிஷின் காலியாக நிற்கும், சூப்பர்வைசர் தலைமேல் வந்து நின்று கத்துவார். பாத்ரூம் போவதற்குக்கூட டோக்கன். எனக்கு வாய் சும்மா இருக்காது. அவர் ஒன்று சொன்னால் நான் ரெண்டு சொல்வேன். அதனால் டோக்கன் எனக்கு எப்போதும் கடைசியில்தான் வரும்.

அப்புறம் கம்பெனியில் டிசைன் ரூம் திறந்தார்கள். ஷூவின் பேட்டர்னைக் காகிதத்தில் வெட்டாமல் கம்ப்யூட்டரில் வரைவதற்கான ரூம். சொல்லிக்கொடுக்க வந்தவருக்குப் பழைய காகிதப் பேட்டர்ன்களை எடுத்துக் கொடுக்க லைனிலிருந்து ஒரு ஆள் கேட்டார்கள். தொல்லை ஒழிந்தது என்று சூப்பர்வைசர் என்னைத் தள்ளிவிட்டார். எடுத்துக் கொடுக்கப் போனவள் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்து மவுஸைப் பிடித்துக்கொண்டேன். தோல் எங்கே மடியும், எங்கே இழுத்துக்கொள்ளும் என்பது தைத்த கைக்குத் தெரியும், அதைத் திரையில் கோடாகப் போடுவதில் எனக்கு ஒரு ருசியே வந்துவிட்டது. சொல்லிக்கொடுக்க வந்தவர் ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். நான் அந்த நாற்காலியிலேயே தங்கிவிட்டேன். பதவி என்று யாரும் எதுவும் கொடுக்கவில்லை, எழுந்திரு என்றும் சொல்லவில்லை.

சொல்கிற நாளும் வந்தது. எங்களிடம் ஷூ வாங்குகிறவர்கள் இத்தாலிக்காரர்கள். அவர்களுடைய டெக்னீஷியன் ஒருத்தர் வருஷத்துக்குச் சில தடவை வந்து ஷூவின் வடிவத்தைப் பார்த்து, திருத்தம் சொல்லிவிட்டுப் போவார். இந்தத் தடவை சேம்பிளைக் கையில் வாங்கிப் பார்க்க மாட்டேன், ஷூ திரையில் முழு உருவமாக நின்று சுற்ற வேண்டும், நான் சொல்கிற திருத்தத்தை என் கண் முன்னால் செய்து காட்ட வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார். மெட்ராஸ் ஹெட் ஆபீஸில் இருந்தவர்களுக்கு டிசைன் ரூமை அங்கே இழுத்துக்கொள்ள ரொம்ப நாளாக ஆசை. எங்கள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு நேராகவே சொல்லிவிட்டார்.

"பாரும்மா. அவரு வரும்போது ஷூ ஸ்கிரீன்ல சுத்தணும். சுத்துச்சுன்னா ரூம் இங்கயே இருக்கும், நீயும் இருப்பே. சுத்தலன்னா எல்லாத்தையும் மெட்ராஸுக்கு ஏத்திடுவாங்க. நீ பழையபடி லைனுக்குப் போயிடு. இன்னா, புரிஞ்சுதா?"

புரிந்தது. லைனுக்குத் திரும்பிப் போகப் பயமாக இருந்தது. மிஷினைப் பார்த்து எனக்குப் பயமில்லை. "வந்துட்டாங்கப்பா மகராணி" என்று கேட்கக் காத்திருக்கிற வாய்களை நினைத்துத்தான் பயம். அதைவிடப் பெரிசு வேறொன்று. நான் யோசித்துப் போட்ட கோடு ஒரு ஷூவாக எழுந்து நிற்பதைப் பார்த்த பிறகு, வேறு யாரோ போட்ட கோட்டின் மேலேயே ஆயுசு முழுக்கத் தைத்துக்கொண்டு கிடக்க எனக்கு மனசில்லை. எனக்கு அந்த நாற்காலி வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், வெறியோடு வேண்டும்.

ஆனால் ஷூ சுற்றவில்லை. டிசைன் ரூம் கம்ப்யூட்டர் ஒரு குட்டி டப்பா. ரெண்டு ஷூ பெட்டியை ஒட்டி வைத்தால் எவ்வளவோ அவ்வளவுதான் மொத்தமும். மேஜையில் இடத்தை அடைக்காது என்று முதலாளி வீட்டில் ஆசைப்பட்டு வாங்கியது. கோடு வரைய அது போதும். முழு ஷூவைத் திரையில் நிறுத்தித் திருப்பச் சொன்னால் மூச்சு வாங்கும். இங்கே மவுஸை நகர்த்திவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால் ஷூ அப்போதுதான் ஒரு அங்குலம் திரும்பியிருக்கும். தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டால் சரியாகிவிடும் என்று சர்வீஸ்காரர் சொன்னார்.

மேனேஜரிடம் கேட்டு, வேலூர் பஜாரில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போய் ஒரு கார்டு வாங்கிக்கொண்டு வந்தேன். டப்பாவைத் திறந்து செருகினால் கார்டு டப்பாவைவிட உயரம். மூடி மூடவில்லை. மறுபடியும் ரயில் பிடித்து, காட்பாடியில் இறங்கி, டவுன் பஸ்ஸில் போய்க் கடைக்காரரிடம் சண்டை போட்டேன்.

"மூடியத் தெறந்து வெச்சே ஓட்டுங்க மேடம், ஒண்ணும் ஆவாது" என்றார்.

"எங்க ரூமுக்குப் பக்கத்துல தோல் தேய்க்கிறாங்க. தூசு மூட்டை மூட்டையா வரும். தெறந்து வெச்சா அன்னிக்கே செத்துடும்."

"அப்போ அரை உயரக் கார்டு வேணும். அது இங்க கெடைக்காது. மெட்ராஸ்லயே அபூர்வம். இத விட்டுட்டு பெரிய டப்பாவா வாங்கச் சொல்லுங்க."

பெரிய டப்பா வாங்கித் தர மேனேஜருக்கு என்ன தலையெழுத்தா? வேறு வழி தெரியாமல் இத்தாலிக்காரருக்கே மெயில் போட்டேன். எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில், சின்ன பாக்ஸ், சின்ன கார்டு வேண்டும், இல்லாவிட்டால் ஷூ சுற்றாது என்று. அவர் உடனே பதில் போட்டார். அவர்கள் ஊரில் அது கிடைக்கும், அடுத்து அனுப்புகிற சேம்பிள் பெட்டியில் போட்டு அனுப்புகிறேன், சேம்பிள் என்றால் சுங்கவரி கிடையாது என்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பெட்டி எந்த வழியாக என் கைக்கு வரும் என்று யோசிக்க அப்போது தோன்றவில்லை.

எங்கள் தொழிலில் சேம்பிள் ஷூ ஒற்றைக் காலாகத்தான் வரும், போகும். ஜோடி இருக்காது. அதோடு அடிப்பாகத்தில் ட்ரில் போட்டு ஒரு ஓட்டை போட்டுவிடுவார்கள். யாரும் எடுத்துப் போய் விற்றுவிடக் கூடாது என்பதற்காக. எங்கள் கம்பெனியில் அந்த ஓட்டை போடுகிற வேலை, பாய் என்று எல்லோரும் கூப்பிடுகிற ஸ்டோர்காரர் கையில் இருந்தது. வயசானவர், ரிட்டயர் ஆக வேண்டிய வயசு தாண்டியும் பெரிய முதலாளி தயவில் ஓடிக்கொண்டிருந்தார். ஒரு சமயம் ஓட்டை விழாத சேம்பிள்கள் சில ஜோடி சேர்ந்து பைபாஸ் கடையொன்றில் தொங்கிக்கொண்டிருந்தன. எடுத்தது யாரோ. ஆனால் விசாரணை என்று இவரைத்தான் கேட்டில் நிற்க வைத்தார்கள். அதற்குப் பிறகு மனுஷன் ஓட்டை போடாமல் எதையும் ஸ்டோரை விட்டு அனுப்பவே மாட்டார். இன்னொரு தப்பு நடந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று மேனேஜர் அவர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார். அது எல்லோருக்கும் தெரியும்.

பெட்டி வந்தது இத்தாலிக்காரர் வருகிற அதே நாள் காலையில். அவர் மெட்ராஸில் இறங்கிக் காரில் கிளம்பிவிட்டார் என்று தகவல். மத்தியானம் முதலாளி வீட்டில் விருந்து, அது முடிந்ததும் நேரே டிசைன் ரூம். நான் ஸ்டோருக்கு ஓடினேன். பாய் பெட்டியை எடுத்துக் கையில் கொடுத்தார். அங்கேயே நின்று பிரித்தேன். வெள்ளி நிறப் பையிலிருந்து கார்டை வெளியே எடுத்தேன். பச்சைப் பலகையின் மூலையில், மானிட்டர் கேபிள் செருகுகிற இடத்துக்குப் பக்கத்தில், அழகாக, வட்டமாக ஒரு ஓட்டை. அந்தப் பக்கம் பாயின் சட்டை பட்டன் தெரிந்தது.

"இன்னா பாய் இது?"

"ஓட்டை மா."

"ஓட்டைன்னு எனக்குத் தெரியாதா? எதுக்குப் போட்டீங்க?"

"பெட்டி மேல சேம்பிள்னு எழுதியிருக்குதே. சேம்பிள்னா ஓட்டை. நீ இன்னா கம்பெனிக்குப் புதுசா?"

"இது ஷூவா பாய்? கம்ப்யூட்டர் கார்டு! இத எடுத்துட்டுப் போய் பைபாஸ்ல யாரு விப்பா?"

"அது எனக்கு எப்படி மா தெரியும்? ஒத்தையா இருந்திச்சி. ஜோடி இல்லாம ஒத்தையா வந்தா சேம்பிள்தான? பார்த்துத்தான் போட்டேன், ஓரமா. அந்த ஃபேன் மேல கையே வெக்கல."

எனக்குக் கண் மண் தெரியவில்லை. வாய்க்கு வந்ததெல்லாம் கத்தினேன். "அறிவிருக்கா உங்களுக்கு? வயசாயிட்டா வூட்ல இருக்க வேண்டியதுதான? என் வயித்துல அடிச்சிட்டீங்களே!" ஸ்டோரில் தோல் எண்ணிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாய் முகம் சுண்டிப் போயிற்று. பிறகு மெல்ல, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "மேனேஜர்கிட்ட சொல்லிடுவியா மா?" என்றார்.

"சொல்லாம?" என்றேன். அப்போது நிஜமாகவே சொல்லத்தான் இருந்தேன்.

ஆனால் நேரம் இல்லை. ரூமுக்கு வந்து கம்ப்யூட்டரை நிறுத்தி, மூடியைக் கழற்றினேன். டப்பாவுக்குள் இண்டு இடுக்கு இல்லை. ஹார்ட் டிஸ்க் இருந்த தட்டைத் தூக்கி ஓரமாகப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே கையே விட முடியும். கார்டின் ஓரத்தில் உயரமான தகடு இருந்தது, பெட்டியில் இன்னொரு குட்டித் தகடும் இருந்தது. பெரியதைக் கழற்றிவிட்டு அதைப் பூட்டினேன். திருகாணி அவசரத்தில் ரெண்டு தரம் கீழே விழுந்து உருண்டது. சர்வீஸ்காரர் செய்வதைப் பார்த்த ஞாபகத்தில் டப்பாவின் இரும்பைத் தொட்டுக்கொண்டு, கார்டைச் செருகி, ரெண்டு கட்டை விரலாலும் அழுத்தினேன். ஓட்டை விழுந்த பலகை எங்கே உடைந்துவிடுமோ என்று அழுத்தவும் பயம். சரியாக உட்காரவில்லையோ என்று விடவும் பயம்.

பட்டனை அமுக்கினேன். பீப், பீப் என்று கத்தியது. திரை இருட்டு.

போச்சு என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் ஆனது ஆகட்டும் என்று எழுந்து, கார்டைப் பிடுங்கி, ஓட்டையைச் சுற்றி ஒட்டியிருந்த ட்ரில் பொடியை ஊதித் துடைத்து, மறுபடியும் செருகி, இந்தத் தடவை டக்கென்று சத்தம் கேட்கும்வரை அமுக்கினேன். பட்டன். ஒரே ஒரு பீப். திரை விழித்தது. கடவுளே என்று வாய்விட்டுச் சொன்னேன்.

ஷூவைத் திறந்தேன், மவுஸைத் தொட்டேன். அது சுற்றியது. அப்படி ஒரு சுற்று! கையோடு கூடவே வந்தது. குதிகாலைக் காட்டியது, மூக்கைக் காட்டியது, மல்லாந்து அடியைக் காட்டியது. சந்தோஷத்தில் சுற்றிக்கொண்டே இருந்த எனக்கு, ஏதோ இடிக்கிறதே என்று கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. ஷூ டேன் கலர். நல்ல பழுப்பு. திரையில் இருந்தது பாசி பிடித்த பச்சை. வெள்ளையாக இருக்க வேண்டிய பின்னணி வெளிர்நீலம்.

கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். மானிட்டரைத் தட்டினேன். வேறு படம் ஒன்றைத் திறந்தேன், ரோஜாப்பூ கறுப்பாக இருந்தது. சிவப்பே வரவில்லை. மானிட்டருக்குப் போகிற கோடுகளில் சிவப்பைக் கொண்டுபோகிற கோட்டைப் பாயின் ட்ரில் சரியாக அறுத்திருக்கிறது. மற்றதெல்லாம் பிழைத்தது. சாண் ஏறினால் முழம் சறுக்கியது.

கார்டைக் கழற்றிவிட்டால் நிறம் சரியாக வரும், ஷூ சுற்றாது. கார்டு இருந்தால் ஷூ சுற்றும், நிறம் பாழ். தோல் தொழிலில் நிறம் என்றால் விளையாட்டில்லை. ஒரு சாயல் மாறினால் மொத்தச் சரக்கும் திரும்பி வரும் ஊர் இது. வெளியே கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. மேனேஜரை ஏற்றிக்கொண்டு விருந்துக்குப் போகிறார்கள். எனக்கு அந்த விருந்து முடிகிறவரைதான் நேரம். பிரியாணியை நிதானமாகச் சாப்பிடட்டும் சாமி என்று வேண்டிக்கொண்டேன்.

சுற்றட்டும் என்று முடிவு செய்தேன். ஷூவுக்குக் கறுப்பு நிறம் கொடுத்தேன், கறுப்பில் சிவப்பைத் தேட மாட்டார்கள். பின்னணியை நீலமாக்கினேன். பார்க்க மோசமில்லை. மூடியைப் போட்டு மூடி, திருகாணியைச் சும்மா பேருக்குத் திருகிவிட்டு உட்கார்ந்தேன்.

வந்தார்கள். இத்தாலிக்காரர் முன்னால், மேனேஜர் பின்னால் குழைந்துகொண்டு. நான் ஷூவைச் சுற்றினேன். அவர் புருவத்தைத் தூக்கி, "ஓ, குட்" என்றார். இன்னும் குனிந்து பார்த்தார். மேனேஜர் முகத்தில் பல்லெல்லாம் தெரிந்தது. அதோடு முடிந்திருக்கலாம்.

"நவ் டேன்" என்றார் இத்தாலிக்காரர்.

நான் கேட்காதவள் போல மறுபடியும் சுற்றினேன். அவர் மேனேஜரிடம் திரும்பி, டேன் தோல் ஒன்று ஸ்டோரிலிருந்து வரட்டும், திரையோடு வைத்துப் பார்க்கணும் என்றார். மேனேஜர் போனில் ஸ்டோரைக் கூப்பிட்டார். "போடும்மா டேன்" என்றார் என்னிடம்.

போட்டேன். திரையில் பாசிப் பச்சை ஷூ நின்றது. இத்தாலிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "திஸ்?" என்றார். மேனேஜர் என் பக்கம் பார்த்த பார்வையில் லைன் தெரிந்தது, சூப்பர்வைசர் தெரிந்தார், டோக்கன் தெரிந்தது.

இனி மறைக்க ஒன்றுமில்லை. மூடியை எடுத்துவிட்டு, ஓடிக்கொண்டிருந்த டப்பாவுக்குள் விரலால் காட்டினேன். "ரெட் நோ கமிங் சார். ஹோல்."

அவர் குனிந்தார். ஓட்டையைப் பார்த்ததும் நிமிர்ந்தார். "ஹோல்? ஹூ மேக் ஹோல்?"

"யாரு போட்டது?" என்றார் மேனேஜர் தமிழில், பல்லைக் கடித்துக்கொண்டு. "வாயத் தொற. யாரு போட்டது?"

வாசலில் பாய் நின்றிருந்தார். டேன் தோலைக் கைமேல் மடித்துப் போட்டுக்கொண்டு. அவர் உதடு மட்டும் அசைந்தது, ஏதோ ஓதினார் போல. ஒரு விரலை நீட்டினால் போதும். குற்றம் அவர் மேல் போகும், நாற்காலி எனக்கு நிற்கும். காலையிலிருந்து நான் சொல்லத் துடித்த பேர்தான் அது. ஆனால் அன்றைக்குக் கேட்டில் நின்ற மாதிரியே அவர் வாசலில் நிற்பதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வேறு பக்கம் திரும்பிவிட்டது.

"யூ சார்" என்றேன்.

மேனேஜர் கையைக் காட்டி என்னை அடக்கப் பார்த்தார்.

"பாக்ஸ் மேல யூ ரைட் சேம்பிள். டியூட்டி நோ பே, அதுக்கு யூ ரைட் சேம்பிள். இங்க சேம்பிள் மீன்ஸ் ஹோல். கம்பெனி ரூல். யூ ரைட், வீ ஹோல். ஹூ மிஸ்டேக்?"

இத்தாலிக்காரர் முகம் சிவந்தது. என்னையே பார்த்தார். பிறகு அந்த மனுஷன் சிரித்தார் பாருங்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. மறுபடியும் குனிந்து ஓட்டையைப் பார்த்தார், மறுபடியும் சிரித்தார். அவர்கள் ஊரிலும் சேம்பிளைக் கத்தியால் கீறித்தான் வைப்பார்களாம். "மை மிஸ்டேக், மை மிஸ்டேக்" என்றார். வாசலில் நின்ற பாயிடமிருந்து தோலை வாங்கி, தடவிப் பார்த்து, "கலர் ஹியர்" என்று தன் உள்ளங்கையைத் தட்டினார். திரையைக் காட்டி, "ஷேப் தேர். டர்ன்" என்றார்.

சுற்றினேன். கணுக்கால் பக்கம் விளிம்பை ரெண்டு மில்லி இறக்கச் சொன்னார். இறக்கினேன். அவர் கண் முன்னால் பச்சை ஷூவின் விளிம்பு இறங்கி, ஷூ அப்படியே ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. அவர் தலையாட்டினார். "குட்" என்று சொல்லிவிட்டுப் போனார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நான் நாற்காலியில் சாய்ந்தேன்.

காரை அனுப்பிவிட்டு மேனேஜர் திரும்பி வந்தார். கதவைச் சாத்தினார்.

"ரூம் இங்கயே இருக்கும். அவரு ஓகே சொல்லிட்டாரு" என்றார். "ஆனா நீ வேணாம். சரக்கு வாங்குற பையரப் பாத்து 'ஹூ மிஸ்டேக்'னு கேக்குறியா? இந்த ஆளு சிரிச்சிட்டான், சரி. வேற ஒருத்தனா இருந்தா ஆர்டரே போயிருக்கும். நாளைலருந்து லைனுக்குப் போ. ஆபீஸ்ல டைப் அடிக்கிறவரு இதப் பாத்துப்பாரு."

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். என் பிழைப்பைக் கெடுத்ததே அந்த வாய்தான். அப்போதுகூட ஸ்டோர் பாய்தான் ஓட்டை போட்டார் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. நல்ல மனசு என்று நினைக்க வேண்டாம். சொன்னாலும் மேனேஜர் என்னைத் திரும்ப உட்கார வைக்க மாட்டார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது, அவ்வளவுதான்.

மறுநாள் லைனில் போய் உட்கார்ந்தேன். "வாங்க மேடம், கம்ப்யூட்டர் சௌக்கியமா?" என்று எதிர் வரிசையில் ஒருத்தி கேட்டாள். சிரித்தார்கள். பக்கத்து மிஷின்காரி மட்டும் நூல்கண்டை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். தைத்தேன். கண்ணீர் தோலில் விழுந்தால் கறை படும் என்று தோளில் துடைத்துத் துடைத்துத் தைத்தேன். ஆத்திரத்தில் வந்த அழுகை அது.

டீ நேரத்தில் பாய் வந்தார். என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு, "நான்தான் போட்டேன்னு போய் சொல்லிடறேன் மா" என்றார்.

"இப்ப ஒருத்திக்குத்தான் நாற்காலி போச்சு. சொன்னா உங்களுக்கும் போவும். சும்மா பேஜார் பண்ணாம போங்க பாய்" என்றேன். அவர் போகவில்லை. டீ ஆறுகிற வரைக்கும் அங்கேயே நின்றார்.

அடுத்த வாரம் இத்தாலியிலிருந்து இன்னொரு திருத்தம் வந்தது. மூக்குப் பக்கம் கொஞ்சம் உருட்ட வேண்டும் என்று. டைப் அடிக்கிறவர் நல்லவர், பாவம். எந்தப் புள்ளியையோ பிடித்து இழுத்திருக்கிறார், ஷூவுக்குக் கிளி மூக்கு முளைத்துவிட்டது. பச்சையைச் சரி செய்கிறேன் என்று எதையோ அமுக்கி நிறங்களையும் கலைத்துவிட்டார். அந்தப் படம் அப்படியே இத்தாலிக்குப் போய்விட்டது. அங்கிருந்து போன் வந்ததாம், அந்த ஓட்டை லேடி எங்கே என்று கேட்டு. ஆபீஸ் பக்கமிருந்து வந்தவள் ஒருத்தி எனக்குக் காதோடு சொன்னாள்.

கொஞ்ச நேரத்தில் மேனேஜரே லைனுக்கு வந்தார். அவர் இந்தப் பக்கம் வந்து யாரும் பார்த்ததில்லை. சூப்பர்வைசர் எங்கிருந்தோ ஓடி வந்தார், அவரைக் கையாலேயே நிறுத்திவிட்டு என் மிஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"வாம்மா ரூமுக்கு. ஒரு சின்ன வேலை."

நான் மிஷினை நிறுத்தவில்லை. "சின்ன வேலைய முடிச்சிட்டு மறுபடி இங்க வரணுமா சார்?"

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம், வா."

"இப்பவே சொல்லுங்க சார். இங்கயே." அடுத்த தோலை எடுத்து ஊசிக்குக் கீழே வைத்தேன். தையல் எப்படியோ நேராகப் போயிற்று.

அவர் சுற்றிலும் பார்த்தார். பிறகு குனிந்து, வாயைத் திறந்தும் திறக்காமலும், "இங்க திரும்பி வர வேணாம். அந்த சீட்டு உனுக்குத்தான்" என்றார்.

"மிஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல சார்" என்றேன்.

பக்கத்து மிஷின்காரி தன் மிஷினை நிறுத்தினாள். அதற்கு அடுத்தவள் நிறுத்தினாள். எதிர் வரிசையில் என்னை மேடம் என்று கேலி பண்ணினவளும் மிதியிலிருந்து காலை எடுத்தாள். வரிசை வரிசையாகச் சத்தம் அடங்கிக்கொண்டே போய், கடைசியில் என் மிஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நானும் நிறுத்தினேன்.

மேனேஜர் இன்னொரு தரம் சொன்னார்.